கரி வண்டிக்கு வைத்த விசிறி

என் வீட்டுக்காரரின் மண்டைக்குள் ஒரு யோசனை புகுந்துவிட்டால் வீட்டில் ஏதோ ஒரு பொருளுக்குக் கேடுகாலம் என்று அர்த்தம். கல்யாணமான முதல் வருஷம் சுவர்க் கடிகாரம் போயிற்று. பின்தங்குகிறது என்று திறந்தார். திரும்ப மூடும்போது கையில் மூன்று பல்சக்கரம் மிச்சம் இருந்தது. அடுத்து என் தையல் மெஷின். காலால் மிதிக்காமலே ஓட வைக்கிறேன் என்று உட்கார்ந்தார். அதன்பிறகு அது மிதித்தாலும் ஓடவில்லை. இத்தனைக்கும் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிற வாத்தியார். பையன்கள் பாஸ் செய்தார்கள் என்றால் அது அவர்களுடைய சாமர்த்தியம்.

நான் மிட்வைஃப். முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். சாந்தோம் கோயில் பங்கில் எங்கள் வீடு. நொச்சிக்குப்பத்தில் கூப்பிட்டால் நடந்தே போய்விடுவேன். அங்கே பெரும்பாலும் நான் போய்ச் சேருவதற்குள் பிள்ளை பிறந்திருக்கும். ஆனால் அடையாறு, தியாகராய நகர் என்று கூப்பிட்டால் நடக்க முடியுமா? அதற்காகத்தான் கார். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய சமயத்தில், ஒருவர் எடுத்துப்போக முடியாமல் எங்களிடம் தள்ளிவிட்டுப் போன பழைய நான்கு சிலிண்டர் வண்டி. மற்றவர்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடினார்கள். என் வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

பெட்ரோலுக்குக் கூப்பன். அந்தக் கூப்பனுக்குக் கிடைப்பது விளக்குக்குக்கூடப் போதாது. அதனால் எங்கள் வண்டியும் ஊரில் பாதி வண்டிகளைப் போலக் கரிவாயு வண்டியாயிற்று. பின்னால் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு தகர உருளை. அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்துக் கையால் ஒரு துருத்தியைச் சுற்ற வேண்டும். பத்து நிமிஷம் சுற்றினால் கரி கனிந்து, அரைகுறையாக எரிந்த அந்த வாயு குழாய் வழியாக இஞ்சினுக்குப் போகும். குழாய் பின் சீட்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டிக்குள் நுழைந்து, தூசு வடிகட்டிக்கொண்டு, முன்னால் போகும். இஞ்சின் ஓட ஆரம்பித்ததும் வாயுவைத் தானே இழுத்துக்கொள்ளும். நிறுத்திவிட்டால் மறுபடி பத்து நிமிஷம் துருத்தி. இதையெல்லாம் செய்து கொடுத்தவர் இரண்டு தெரு தள்ளி இருந்த தகர வேலை பாய். லாந்தர், வாளி, புனல் செய்கிறவர். கை சுத்தமான கை. பேச்சு குறைவு. அவர் மனைவி முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவள். அப்போது மறுபடி நான்கு மாதம். இந்தத் தடவை ஆரம்பத்திலிருந்தே நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பிள்ளையை உயிரோடு கையில் தருகிறேன் என்று அவளிடம் வாய் விட்டுச் சொல்லியிருந்தேன்.

கரியில் ஓடுகிற வண்டிக்கு மூச்சு பாதிதான். அடையாற்றுப் பாலத்து ஏற்றத்தில் ஒரு நாள் திணறி நின்றுவிட்டது. நான் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வண்டியின் பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது ஒரு மாட்டுவண்டி எங்களைத் தாண்டிப் போனது.

“இன்னா சாமி, கவுறு வோணுமா? கட்டி இஸ்துகினு போறேன்” என்றான் வண்டிக்காரன்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. என் வீட்டுக்காரரின் காது சிவந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். கடிகாரத்தைத் திறக்கும் முன்பும் அப்படித்தான் இருந்தது.

ஒரு வாரம் வாசகசாலையே கதி என்று கிடந்தார். பிறகு ஒரு சாயங்காலம் வந்து என்னை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். அமெரிக்காக்காரன் தன் விமானத்தில் ஒரு விசிறி வைத்திருக்கிறானாம். இஞ்சின் கக்குகிற புகை அந்த விசிறியைச் சுழற்றுமாம். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு விசிறி, இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்குமாம். வீணாகப் போகிற புகையே வேலை செய்கிறது, ஒரு சொட்டு எரிபொருள் கூடுதலாகச் செலவில்லை, பலம் மட்டும் கூடும்.

“நம்ம வண்டியில புகைக்குழாய் பின்னாடிதான் முடியுது. கரி உருளையும் பின்னாடிதான் இருக்கு. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. புகை ஒரு விசிறியைச் சுத்தும், மறுமுனை விசிறி கரி உருளைக்குள்ள காத்தை ஊதும். ஆண்டவரே இதுக்குன்னு பொருத்தி வச்ச மாதிரி இருக்கு” என்றார்.

“ஆண்டவருக்கு வேற வேலை இல்லை பாருங்க” என்றேன்.

பித்தளைத் தகடு வாங்கி விசிறி வெட்டினார். முதல் விசிறி கோணல். இரண்டாவது, சுழன்ற வேகத்தில் இதழ் பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் குத்தி நின்றது. மூன்றாவதைப் பாயிடம் கொடுத்துச் செய்தார், அதாவது பாய் செய்தார், இவர் பக்கத்தில் நின்று சொற்பொழிவாற்றினார். தெருவில் வேலைவெட்டி இல்லாத நாலைந்து பேர் தினமும் எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவர் ஓய்வு பெற்ற தபால் குமாஸ்தா. வாழ்நாள் முழுவதும் முத்திரை குத்தியவர், தண்டு இன்னும் இரண்டு அங்குலம் நீளமாக இருக்கலாம் என்று அபிப்பிராயம் சொன்னார். என் வீட்டுக்காரர் அதையும் குறித்துக்கொண்டார்.

பாய் ஒருவர்தான் உருப்படியாக ஒன்று சொன்னார். நான் உள்ளே கருவிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன்; ஜன்னல் வழியாகக் கேட்டது.

“சார், இப்ப இஞ்சின் இழுக்குது. எங்கனா சின்ன ஓட்டை கீதுன்னு வையுங்க, வெளிக்காத்து உள்ள போவும், அத்தோட சரி. நீங்க பின்னாலேந்து ஊதினா உள்ள கீறது வெளில வரும். இது ஈயம் வச்சுப் பத்தினது. தண்ணி நிக்கும். காத்து நிக்குமான்னு நான் சொல்ல மாட்டேன்.”

“பாய், விமானத்துலயே நிக்குது” என்றார் என் வீட்டுக்காரர்.

விமானத்தை யார் ஈயத்தால் பற்றவைக்கிறார்கள் என்று எனக்குக்கூடக் கேட்கத் தோன்றியது. ஆனால் நான் கேட்கவில்லை. ஒருவர் வாளி செய்கிறவர், ஒருவர் தையல் மெஷினைக் கொன்றவர், இவர்கள் இஞ்சினைப் பற்றிப் பேசுவதை நின்று கேட்பதே மரியாதைக் குறைவு என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, விசிறி வேலை செய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, கோயில் வாசலிலிருந்து புறப்பட்டு, அதே அடையாற்றுப் பாலத்தில் ஏறினோம். பின்னால் ஊய் என்று ஒரு சத்தம். வண்டி திணறவில்லை. ஒரு பஸ்ஸைத் தாண்டினோம். நான் பின் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன், யாருக்கும் முகம் தெரியாது, அதனால் தாராளமாகச் சிரித்தேன். வீடு வந்ததும், “பரவாயில்லை, சத்தம்தான் நாராசம்” என்றேன். அன்று முழுக்க எனக்குத் தலைவலி. பூசையில் சாம்பிராணி அதிகம் என்று பத்துப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

பின் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைக் கூப்பிடுகிற வீடுகளில் பாதி, பெண்கள் வெளி ஆண்கள் கண்ணில் படாத கோஷா வீடுகள். அந்தப் பெண்களை ஏற்றிக்கொண்டு போக, ஜன்னல்களுக்கும் முன் சீட்டுக்குப் பின்னாலும் கனத்த கறுப்புத் துணியில் திரை தைத்து, ஓரமெல்லாம் கொக்கி வைத்திருந்தேன். காற்றில் ஒரு நூல் அசையாது. அவ்வளவு ஒழுங்காகத் தைத்ததில் எனக்குப் பெருமை. கை மெஷின் இரவல் வாங்கித் தைத்தேன், என் மெஷின்தான் போய்ச் சேர்ந்துவிட்டதே. விசிறி வைத்த பிறகு அந்த வண்டியில் வந்த இரண்டு பெண்கள் மயக்கம் வருகிறது என்றார்கள். கர்ப்பிணிக்கு மயக்கம் வராமல் வேறு யாருக்கு வரும்? எனக்குத் தெரியாத கர்ப்பமா?

நான்கு மாதம் போயிற்று. ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும். பாய் மூச்சிரைக்க ஓடி வந்தார். போய்ப் பார்த்தேன். பனிக்குடம் உடைந்திருந்தது, தலை வர வேண்டிய இடத்தில் ஒரு கால். மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். பிள்ளையின் நாடி திடமாக, சீராக ஓடியது. இன்றைக்கும் கேட்கிறது எனக்கு. இதை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கே டாக்டரம்மா இருந்தால் பிழைக்கும் என்று சொல்லிவிட்டு, காரை எடுக்க ஓடினேன். பாயும் என் பின்னாலேயே வந்தார்.

என் வீட்டுக்காரர் காரின் பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுக் கையில் சோப்புக் கிண்ணத்தோடு நின்றிருந்தார்.

“இன்னைக்கு வண்டி வேணாம்” என்றார்.

“என்னது?”

“பாய் சொன்னது நேத்து ராத்திரிதான் மண்டையில ஏறிச்சு. இப்ப இஞ்சினை ஓட விட்டு, பத்தின இடமெல்லாம் சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தேன். ஒவ்வொண்ணுலயும் கொப்புளம் கிளம்புது. வாயு வெளிய வருது, அதுவும் பின் சீட்டுக்கடியில. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. விஷம். ஒரு மணி நேரம் குடு, விசிறியைப் பதமா கழட்டிடறேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாலு மாதமாக விமானம், அமெரிக்கா என்று காதைப் புளிக்க வைத்தவர், ஒரு உயிருக்கு வண்டி வேண்டும் என்கிறபோது சோப்புத் தண்ணீரோடு நிற்கிறார்.

பாய், “ஜட்காலயே போய்டலாம்மா” என்றார்.

“ஜட்காவா! கால் முன்னால வந்து நிக்குது. அந்தக் குலுக்கல்ல தொப்புள்கொடி நழுவிச்சுன்னா பிள்ளை அங்கயே போயிடும், தெரியுமா?”

இது பொய் இல்லை. அந்தப் பயம் நிஜமானது. ஆனால் அதோடு நான் நிறுத்தவில்லை. கடிகாரத்தில் ஆரம்பித்து, தையல் மெஷின் வழியாக, முருங்கை மரம் வரைக்கும் வந்தேன். பொம்பளை சாகக் கிடக்கும்போது சோப்பு போட்டு விளையாடுகிற ஆண்பிள்ளை உலகத்தில் எங்காவது உண்டா என்றேன். தெருவே கேட்டது. தபால் குமாஸ்தா கேட்டருகே வந்து நின்றார்.

“சரி, அந்தத் திரையையாவது எடுத்துடு” என்றார் என் வீட்டுக்காரர்.

“கோஷாப் பொண்ணை ஊரெல்லாம் பார்க்கக் கூட்டிட்டுப் போகவா? உங்களுக்கு வெட்கமே கிடையாதா?”

பாய் வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்க்கவே இல்லை, பேசிக்கொண்டே போனேன். என் வீட்டுக்காரர் சீட்டைத் தூக்கி மாட்டினார்.

அவளைத் தூக்கிக்கொண்டு வந்து பின் சீட்டில் படுக்க வைத்து, கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினேன். ஆண்கள் இருவரும் முன்னால். முன் கண்ணாடி மேலே தூக்கித் திறந்திருக்கும், அவர்களுக்குக் காற்றுக்குப் பஞ்சமில்லை. ராயப்பேட்டை தாண்டுகிற வரைக்கும் நான் திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். மெதுவாகப் போங்கள், பள்ளம் தெரியவில்லையா, விமானம் ஓட்டுகிற நினைப்பா என்று.

மவுண்ட் ரோட்டில் பட்டாள லாரிகள். ஒன்றன்பின் ஒன்றாக, முடிவே இல்லாமல். குறுக்கே போக விடாமல் போலீஸ்காரர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். இஞ்சினை நிறுத்தினால் மறுபடி பத்து நிமிஷம் துருத்தி சுற்ற வேண்டும். அதனால் என் வீட்டுக்காரர் ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே இருந்தார். பின்னால் விசிறி ஊய் என்று ஊதிக்கொண்டிருந்தது.

அவள் முனகலை நிறுத்தினாள். வலிக்கு நடுவே கொஞ்சம் ஓய்வு, நல்லதுதான் என்று நினைத்தேன். திரையின் மேல் ஓரத்தில் வந்த துளி வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் சிவந்து, உதடு சிவந்து, அப்படி ஒரு களை. வெளிறிப்போகவில்லை, ரத்தம் நன்றாக ஓடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்து, சான்றிதழ் வாங்கி, அதைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருந்த மிட்வைஃப் நான். மரக்குழலை எடுக்கலாம் என்று நினைத்தேன். பை காலடியில் இருந்தது. கையை நீட்ட வேண்டும். நீட்டலாம், கொஞ்சம் பொறுத்து நீட்டலாம் என்று இருந்தது. என்ன, கேக்குதா என்று முன்னாலிருந்து ஒரு முறை, இரண்டு முறை குரல் கேட்டது, அப்புறம் என் பெயர். பதில் சொல்ல அலுப்பாக இருந்தது. இந்த ஆளுக்கு என்ன பதில் வேண்டியிருக்கிறது என்று நினைத்ததுதான் கடைசியாக நினைத்தது.

கண் விழித்தபோது நடைபாதையில் ஒரு மரத்தடியில் கிடந்தேன். பக்கத்தில் அவள், முகத்திரை இல்லாமல், அவள் தலை பாயின் மடியில். அவர் தன் தொப்பியால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். லாரிகளிலிருந்து சிப்பாய்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். என் திரைகள் தாறுமாறாகக் கிழிந்து சாலையில் கிடந்தன. என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு, நெருப்பாகக் கொதித்த விசிறியைப் பிடித்து இழுத்தார். ஒரே பிடுங்கு. ஆணியோடு வந்தது. காலையில் ஒரு மணி நேரம் கேட்டாரே, அந்த வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்தது. பதமாகக் கழற்ற வேண்டாம், உடைத்துப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. நான் போட்ட கூச்சலில் யாருக்குத்தான் என்ன தோன்றும்?

அவள் கண்ணைத் திறந்தாள், வாந்தி எடுத்தாள், முனகினாள். மறுபடி ஏற்றினோம். திரை இல்லாமல், எல்லா ஜன்னலும் திறந்து, பழையபடி திணறிக்கொண்டு வண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது.

அவள் பிழைத்தாள். பிள்ளை ஆண். ரோஜாப்பூ நிறத்தில் இருந்தான். அத்தனை வருஷத்தில் அவ்வளவு சிவந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. அந்த விஷவாயு ஏறிய ரத்தம் அப்படித்தான் சிவக்கும் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். உயிர் இல்லை. கால் முன்னால் வந்தால் சில சமயம் இப்படி ஆகும் என்றார் டாக்டரம்மா. நான் தலையை ஆட்டினேன். வீட்டில் கேட்ட நாடியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

ஊருக்கு டாக்டரம்மாவின் காரணம் தேவைப்படவில்லை. வாத்தியார் விசிறி வைத்துப் பிள்ளையைக் கொன்றுவிட்டார் என்று பேசினார்கள். தண்டை நீளமாக வைக்கச் சொன்ன தபால் குமாஸ்தா, அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றார். காலையில் நடந்த பேச்சை எங்கள் கேட்டருகே நின்று கேட்ட மனிதர் அவர். அதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. சுவாரசியம் விசிறியில்தானே இருந்தது. கோயில் வாசலில் யாராவது கேட்டால் என் வீட்டுக்காரர், “ஆமாம், தப்பு என்னுதுதான்” என்று சொல்லிவிட்டு நின்றார். வேண்டாம் என்று சொன்னேன், இவள்தான் கேட்கவில்லை என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை. நானும் பக்கத்தில் நின்று, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். அவரை நான் எவ்வளவு மட்டமாக நினைத்திருந்தேனோ, அதைவிட மட்டமாக இருந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பாய் கரி உருளையைக் கழற்ற வந்தார். வேலை முடிந்து கை கழுவும்போது நானே கேட்டேன், “பாய், உங்களுக்குத் தெரிஞ்சிருந்துதே. அன்னிக்கு ஏன் ஒண்ணும் சொல்லலை?”

“சொல்லத்தாம்மா வாயெடுத்தேன். தெரை இல்லாட்டி பரவால்ல, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன், எட்த்துடுங்கன்னு. நீங்க பேசிக்கினே இருந்தீங்க. நடுவுல பூர முடியல.”

கோபமாகச் சொல்லவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம், மவுண்ட் ரோட்டில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள், திரைக்குப் பின்னால் நாங்கள் இருந்த நிலை உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். உள்ளங்கையில் வெந்த புண் ஆறித் தோல் உரிந்துகொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அஞ்சு நிமிஷமா நீ என்னைத் திட்டவே இல்லை. அதான் பயந்துட்டேன்” என்றார்.

அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் உயிரோடு இருந்தார். ரேடியோவைக் கெடுத்தார், மின்விசிறியைக் கெடுத்தார். நான் விடாமல் திட்டிக்கொண்டே இருந்தேன். மனசு விட்டுப்போய், இனி எதற்கு என்று நான் வாயை மூடிக்கொண்ட நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் கையிலிருக்கிற திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, நான் இருக்கிற அறையின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறப்பார்.